சீரியல் போர்ட்டுக்கு எண் அனுப்பும்போது நேரும் தவறுகள்

ராணிப்பேட்டை டேனரியில் டிரம் சுற்றும் வேகத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து மாற்ற வேண்டும். ஆற்காடு பக்கத்து எடைமேடையில் 12340 கிலோ என்று வெளியே நிற்கும் டிரைவருக்கு டிஸ்ப்ளே போர்டில் காட்ட வேண்டும். காட்பாடியில் டிப்ளமோ படிப்பவர் புராஜெக்டுக்காக ஆர்டுயினோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டுக்கு மோட்டார் வேகம் அனுப்ப வேண்டும். மூன்றிலும் புரோகிராமிலிருந்து ஓர் எண் சீரியல் போர்ட் (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் இணைப்பு) வழியே போகிறது. முதலில் நேரும் தவறும் மூன்றிலும் ஒன்றுதான்: எண்ணை எழுத்தாக அனுப்புகிறோமா, பைட்டாக அனுப்புகிறோமா என்று முடிவு செய்யாமலேயே கோடு எழுதத் தொடங்கிவிடுவது.

255-ஐ எழுத்தாக அனுப்பினால் கம்பியில் 50, 53, 53 என்று மூன்று பைட்டுகள் போகும்; இவை 2, 5, 5 என்ற எழுத்துகளின் ஆஸ்கி குறியெண்கள். பைட்டாக அனுப்பினால் 255 என்று ஒன்றே ஒன்று போகும். ஆர்டுயினோவில் முதலாவதைச் செய்வது பிரிண்ட், இரண்டாவதைச் செய்வது ரைட். 7 அனுப்பினேன், 55 வந்தது என்று யாராவது சொன்னால் கோளாறு இங்கேதான். ஒரு பைட்டுக்குள் 255-க்கு மேல் அடங்காது. ரைட்டில் 300 கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராமல் 44 போய்ச் சேரும்.

பைதான் 3-இல் ஒரு கண்ணி இருக்கிறது. பைட்ஸ் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குள் வெறுமனே 65 என்று போட்டால் 65 என்ற பைட் உருவாகாது. 65 பூஜ்ஜியங்கள் உருவாகும். சதுர அடைப்புக்குள் 65-ஐ வைத்துக் கொடுக்க வேண்டும். 200-ஐக் குறியெண்ணாகக் கொண்ட ஒற்றை எழுத்தாக மாற்றி, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் அனுப்பினால் 195, 136 என்று இரண்டு பைட்டுகளாகிவிடும். சி ஷார்ப்பிலும் இப்படித்தான்: குறியெண் 127-க்கு மேற்பட்ட எழுத்தை ஸ்ட்ரிங்காக அனுப்பினால், இயல்பான ஆஸ்கி அமைப்பில் அது கேள்விக்குறியாக மாறும். எதிர்முனையில் திரும்பத் திரும்ப 63 வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். பைட் அர்ரேயாக அனுப்பினால் தீரும்.

எதிர்முனைச் சாதனம் நாமே செய்ததாக இருந்தால் எழுத்தாக அனுப்புவதே நல்லது. டெர்மினலில் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியும். ஆனால் எண் எங்கே முடிகிறது என்று சொல்ல, கடைசியில் நியூலைன் (வரி முடிவைக் குறிக்கும் எழுத்து, குறியெண் 10) கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் 12-ம் 340-ம் சேர்ந்து 12340 ஆகிவிடும். நியூலைன் போட்ட பிறகும் ஆர்டுயினோவில் எண்ணைப் படிக்கும் கட்டளையான பார்ஸ்இன்ட் ஏமாற்றும். எண்ணைப் படித்துவிட்டு நியூலைனை பஃபரிலேயே (வந்த பைட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) விட்டுவிடும். அடுத்த சுற்றில் அதைப் புது எண் என்று நினைத்து ஒரு நொடி காத்திருந்து 0 தரும். மோட்டார் ஓடி ஓடி நிற்பதற்குப் பல நேரம் காரணம் இதுதான். நியூலைன் வரும்வரை எழுத்துகளைச் சேர்த்து, பிறகு எண்ணாக மாற்றுங்கள். அந்த எண்ணை லாங் வகையில் வையுங்கள். ஆர்டுயினோ ஊனோவில் (ஆர்3 வரையிலான போர்டுகள்) இன்ட் 32767 வரைதான். எடைமேடையில் 40000 கிலோ லாரி ஏறினால் -25536 காட்டும்.

டிரம் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் போல, மோட்பஸ் ஆர்டியு என்ற தொழிற்சாலைத் தொடர்பு முறையில் பேசும் சாதனத்துக்கு பைட்டாகத்தான் அனுப்ப வேண்டும். 25.00 ஹெர்ட்ஸை 2500 என்று எடுத்துக்கொள்ளும் டிரைவ் என்றால், 9, 196 என்ற வரிசையில், பெரிய பைட் முதலில் போக வேண்டும். மாற்றி அனுப்பினால் 50185 ஆகிவிடும். ஆனால் அதே செய்தியின் கடைசியில் வரும் சிஆர்சி (பிழை கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்) மட்டும் சிறிய பைட் முதலில். இந்த முரணில் தடுமாறாதவர்கள் குறைவு. தசமம் எத்தனை இலக்கம் என்பது டிரைவுக்கு டிரைவ் மாறும். மேனுவலைப் பார்க்காமல் பெருக்காதீர்கள்.

பைட்டாக அனுப்பும்போது சில எண்கள் மட்டும் காணாமல் போனால் போர்ட் அமைப்பைப் பாருங்கள். சாப்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் (அனுப்பு, நிறுத்து என்று பைட்டுகளாலேயே சொல்லும் முறை) போட்டிருந்தால் 17-ம் 19-ம் கட்டளைகளாகக் கருதப்பட்டு விழுங்கப்படும். லினக்ஸில் போர்ட்டை ரா முறைக்கு (பைட்டுகளை மாற்றாமல் அப்படியே அனுப்பும் முறை) மாற்றாமல் எழுதினால் 10 போகும்போது முன்னால் ஒரு 13 ஒட்டிக்கொள்ளும். 7 டேட்டா பிட் என்றால் 127-க்கு மேற்பட்டவை சிதையும்.

வேகத்தையும் கணக்கிடுங்கள். 9600 பாடில் (நொடிக்கு 9600 பிட்), ஸ்டார்ட், ஸ்டாப் பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட். நொடிக்கு 960 பைட். 12340-ம் நியூலைனும் போக 6.25 மில்லிநொடி ஆகும். ஊனோவின் பஃபர் 64 பைட்தான். அதன் கோடில் ஒரு நொடி டிலே இருக்க, நீங்கள் 50 மில்லிநொடிக்கு ஒருமுறை அனுப்பினால் 120 பைட் குவியும், மிஞ்சியது தொலையும். ஒவ்வொரு எண்ணுக்கும் போர்ட்டைத் திறந்து மூடவும் கூடாது. திறக்கும்போதெல்லாம் ஊனோ ரீசெட் ஆகும். ஒருமுறை திறந்து 2 நொடி காத்திருந்து, பிறகு அனுப்புங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எதுவும் போகவில்லை என்றால் 9 பின் கனெக்டரில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு கம்பியால் இணைத்து அனுப்பிப் பாருங்கள். அனுப்பியதே திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் பக்கம் சரி. அடுத்து 5-ஆம் பின்னின் கிரவுண்ட் கம்பி எதிர்முனை வரை போகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். ஆர்டுயினோவை இந்தக் கனெக்டருடன் நேராக இணைக்கக் கூடாது. ஆர்எஸ்-232-இல் எதிர்மின்னழுத்தமும் வரும், சிப் எரிந்துபோகும். நடுவில் மேக்ஸ்232 என்ற மின்னழுத்த மாற்றி சிப் வைத்தே இணைக்க வேண்டும்.