ஏற்காட்டு மழை திருமணிமுத்தாற்றுக்கு எவ்வளவு வரும்? ஹெச்எம்எஸ்ஸில் போட்டுப் பார்ப்போம்

சேர்வராயன் மலையில் மழை கொட்டினால் சேலத்துக்குள் திருமணிமுத்தாற்றில் எப்போது, எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போட ஹெச்இசி-ஹெச்எம்எஸ் (சுருக்கமாக ஹெச்எம்எஸ்) என்ற மென்பொருள் தாராளமாகப் போதும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உருவாக்கியது, இலவசம்.

30 மீட்டர் எஸ்ஆர்டிஎம் (விண்கலத்திலிருந்து ரேடாரில் அளந்த) உயரத் தரவை இறக்கி, மீட்டரில் அளக்கும் யூடிஎம் வரைபட முறைக்கு மாற்றுங்கள். அந்த முறையில் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைதான் மண்டல எல்லை. சேலம் நகரம் அதைக் கொஞ்சம் தாண்டி இருப்பதால் மண்டலம் 44 வடக்கு, மேட்டூர் என்றால் 43. அப்புறம் ஜிஐஎஸ் மெனுவில் பள்ளம் நிரப்பி, ஓடைகளை எடுத்து, வெளியேறும் புள்ளி வைத்து, துணை வடிநிலங்களாகப் பிரிக்க வேண்டியதுதான். இதெல்லாம் சொடுக்கு வேலை.

மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய இடம் கர்வ் நம்பர், அதாவது பெய்த மழையில் எவ்வளவு மண்ணில் இறங்காமல் ஓடி வரும் என்பதைத் தீர்மானிக்கும் எண். 100 மில்லிமீட்டர் மழைக்கு, மரநிழல் காப்பித் தோட்டம் என்று 60 கொடுத்தால் ஓடி வருவது சுமார் 19 மில்லிமீட்டர். அதே மழைக்கு, கான்கிரீட் போட்ட நகரப் பகுதி என்று 90 கொடுத்தால் 73. மலைக்கும் ஊருக்கும் சேர்த்து ஒரே சராசரி எண்ணைப் போட்டுவிட்டு விடை சரியில்லை என்று மென்பொருளைத் திட்டாதீர்கள், தயவுசெய்து தனித்தனியாகப் பிரியுங்கள்.

மழையும் அப்படித்தான். மலையில் அடிக்கும் மழை கீழே பெய்திருக்கவே வேண்டியதில்லை, அதனால் ஏற்காட்டு மழைமானி அளவு கட்டாயம் வேண்டும், அதுவும் மணிக்கு மணி எடுத்தது, ஏனென்றால் சரிவு அவ்வளவு செங்குத்து. தாமத நேரம் (மழைக்கும் வெள்ள உச்சத்துக்கும் இடைப்பட்ட நேரம்) 40 நிமிடம் என்றால் கணக்கு இடைவெளி 11 நிமிடத்தைத் தாண்டக் கூடாது (இடைவெளி தாமத நேரத்தில் 29 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி), 10 வைத்துக்கொள்ளுங்கள். தினசரி அளவை வைத்துக்கொண்டு உச்ச வெள்ளம் தேடுவது வீண்.

கன்னங்குறிச்சி மூக்கனேரி மாதிரி ஏரிகளை ரிசர்வாயராகச் சேர்க்காவிட்டால் உச்சம் தேவையில்லாமல் ஏறி நிற்கும். ஏரி காலியா நிரம்பியா என்று தொடக்க மட்டத்தையும் கொடுங்கள், ஐப்பசி மழைக்கும் சித்திரைக் கோடை மழைக்கும் அது ஒன்றல்ல. நகருக்குள் கோடையிலும் ஓடுவது பெரும்பாலும் சாக்கடைதான், அதை அடிப்படை ஓட்டத்தில் மாத வாரியாக மாறாத அளவாகக் கொடுத்துவிடலாம்.

அளந்த ஓட்டத்தோடு ஒப்பிடும்போது முதலில் மொத்தக் கன அளவு, அதற்குக் கர்வ் நம்பர். பிறகு உச்சம் வரும் நேரம், அதற்குத் தாமத நேரம். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்றே தெரியாது.