ஏற்காடு ஏறும் முன் ஆயில் பாருங்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு போக 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல், இரண்டாம் கியரிலேயே இன்ஜின் வெகுநேரம் முக்கிக்கொண்டு ஏறும். அதனால் அடிவாரத்திலேயே ஆயிலைப் பார்த்துவிடுங்கள், அதுவும் சமதளத்தில். சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவித் துடைத்து, மறுபடி முழுக்க நுழைத்து எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் போதும். மேல் குறியைத் தாண்டி ஊற்றாதீர்கள். ஆயில் நுரைத்துப் போகும், அதுவும் கெடுதல்தான்.

டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரமே கறுக்கும், பயப்பட வேண்டாம். பால் கலந்த காபி போல இருந்தால் மட்டும் வண்டியை எடுக்காதீர்கள், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கலாம்.

சேலத்து வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆயிலின் கெட்டித்தன்மைக் குறியீடு 5டபிள்யூ-30 (5W-30) என்று வண்டிப் புத்தகத்தில் இருந்தால் அதையே வாங்குங்கள். அதில் 30 என்பது இன்ஜின் சூடேறிய பின் உள்ள கெட்டித்தன்மை. அப்புறம், ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் டிரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) வாஷரையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.