முடியை எடுக்கலாம், கருமையை வரவழைக்காமல்

வீட்டிலேயே கை கால் முடி எடுப்பவர்கள் பெரும்பாலும் வலியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றி. நம்முடைய மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சின்னச் சிராய்ப்பு, சூடு, அரிப்பு எது பட்டாலும் அந்த இடத்தில் தோலுக்கு நிறம் தரும் மெலனின் கூடுதலாகச் சேர்ந்துவிடும். சிவப்பும் எரிச்சலும் இரண்டு நாளில் அடங்கிவிடும். அவை விட்டுப்போகும் பழுப்புத் திட்டு மறையப் பல மாதங்கள் ஆகும். முடியோ மூன்று நான்கு வாரத்தில் திரும்ப முளைக்கப் போகிறது. ஆகவே எந்த முறையைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அது தோலைப் புண்ணாக்காமல் இருக்குமா என்பதைத்தான்.

சர்க்கரைப் பாகு வேக்ஸ்

கைக்கும் காலுக்கும் வீட்டில் செய்யத் தோதானது இது. அரபு நாடுகளில் 'ஹலாவா' என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக வழக்கத்தில் இருக்கிறது. கடையில் வாங்கும் பிசின் வேக்ஸ் முடியோடு தோலையும் இறுகப் பிடிக்கும். பாகு அந்த அளவுக்குப் பிடிக்காது. ஒட்டிய மிச்சமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைந்துவிடும்.

இரண்டு கைகளுக்கும் முழங்காலுக்குக் கீழேயும் போதுமான அளவு: வெள்ளைச் சர்க்கரை 200 கிராம், எலுமிச்சைச் சாறு 30 மில்லி, தண்ணீர் 30 மில்லி. நம்மூர் எலுமிச்சை இரண்டு பிழிந்தால் சாறு கிடைத்துவிடும். விதையும் சக்கையும் போக வடிகட்டிக்கொள்ளுங்கள். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இதற்கு ஆகாது. அவற்றில் இருக்கும் தூசு தும்பு சீக்கிரம் அடிப்பிடிக்கும், பதமும் நிலையாக நிற்காது.

அடி கனமான பாத்திரத்தில் மூன்றையும் சேர்த்து, அடுப்பில் வைப்பதற்கு முன்பே நன்றாகக் கலக்கிவிடுங்கள். கொதி வந்த பிறகு கரண்டி போடக் கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துகள் ஒன்று உள்ளே விழுந்தாலும் பாகு முழுக்கப் பூத்து, மணல் மாதிரி ஆகிவிடும். எலுமிச்சை சேர்ப்பதும் இதற்காகத்தான். அதன் அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடுவதால் பாகு மறுபடி படிகமாகாமல் இழுவையாக இருக்கும். கிளற வேண்டும் என்று தோன்றினால் பாத்திரத்தைப் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் போதும்.

மிதமான தீயில் எட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கு வரும்போது ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அதிரசத்துக்குப் பாகு வைத்துப் பழகியவர்களுக்கு இது கைவந்த வேலை. தண்ணீரில் உருட்டினால் உருண்டையாகி, அழுத்தினால் தளர்ந்து கொடுப்பது அதிரசப் பதம். வேக்ஸுக்கு அதைவிட ஒரு படி மேலே போக வேண்டும்: உருண்டை தன் உருவத்தை விடாமல் நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் மட்டும் அமுங்க வேண்டும். கடலை மிட்டாய்ப் பாகு மாதிரி 'டக்'கென்று உடைந்தால் பதம் தாண்டிவிட்டது. வெப்பமானி இருந்தால் 118 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை. அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரத்தின் சூட்டில் பாகு வெந்துகொண்டே இருக்கும் என்பதால் பதத்துக்கு அரை நிமிடம் முன்பே இறக்கி, வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இனி ஆற வேண்டும். கொதிக்கும் தண்ணீரை விடச் சூடான பாகு இது, போதாததற்கு ஒட்டிக்கொள்ளும். குறைந்தது அரை மணி நேரம் விட்டு, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் சரி, 'சுரீர்' என்றால் இன்னும் காத்திருங்கள். குழந்தைகள் நடமாடும் சமையலறை என்றால் ஆறும் வரை பாத்திரத்தை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

துணிக்குக் காடாத் துணியோ பழைய ஜீன்ஸோ நல்லது. இழுத்தால் நீளும் பனியன் துணி உதவாது. 5 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்துக்குப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். வெந்நீரில் அலசிக் காயவைத்தால் திரும்பப் பயன்படும்.

முடியின் நீளம் ஏறக்குறைய ஒரு அரிசி அளவு, அதாவது 5 அல்லது 6 மி.மீ. இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பாகுக்குப் பிடி கிடைக்காது. ரொம்ப நீளமாக இருந்தால் முதலில் கத்தரித்துக்கொள்ளுங்கள், வலி குறையும். தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, மெல்லிதாகப் பவுடர் தூவுங்கள். சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் இந்தப் பவுடரை விட்டுவிட்டால் பாகு வியர்வையில் வழுக்கிக்கொண்டே போகும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்வது இன்னும் நல்லது.

வெண்ணெய் தடவும் கத்தியால் முடி வளரும் திசையிலேயே, தோல் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிதாகத் தடவுங்கள். மேலே துணியை வைத்து அதே திசையில் நாலைந்து முறை அழுத்தித் தேயுங்கள். ஒரு கையால் தோலை விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துணியை முடி வளரும் திசைக்கு எதிராகச் சட்டென்று இழுங்கள். இழுக்கும்போது துணி தோலை ஒட்டினாற்போலவே போக வேண்டும். மேல்நோக்கித் தூக்கி இழுத்தால்தான் முடி வேரோடு வராமல் பாதியில் அறுந்து, பிறகு தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கொப்புளமாகிறது. தோலைத் தளர விட்டு இழுத்தால் ரத்தம் கட்டும். இழுத்தவுடன் அந்த இடத்தை உள்ளங்கையால் இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் வலி சட்டென்று குறையும்.

ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் இழுக்க வேண்டாம். விட்டுப்போன இரண்டு மூன்று முடியைப் பிடுங்கியால் எடுத்துவிடுங்கள். மூன்றாவது இழுப்பில் முடியை விடத் தோலின் மேலடுக்குதான் அதிகம் வரும், கருமை விழுவதும் அங்கேதான்.

துணியை இழுத்த பிறகு பாகு தோலிலேயே நின்றுவிட்டால், பாகு இளசாக இருக்கிறது என்று பொருள். திரும்ப இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். கத்தியில் தடவவே வராமல் கெட்டியாக இருந்தால் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் சேர்த்துச் சூடாக்குங்கள். மீந்ததை மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் சில வாரம் தாங்கும். தோலில் பட்ட கத்தியைத் திரும்பப் பாட்டிலுக்குள் விடாதீர்கள், வேண்டிய அளவைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிண்ணத்தில் மிஞ்சியது உங்களுக்கு மட்டும்தான். அக்கா தங்கையாக இருந்தாலும் பங்கு போடக் கூடாது.

யார் வேக்ஸ் செய்யக் கூடாது? முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், சாப்பிட்டு முடித்து ஆறு மாதம் ஆகாதவர்கள். அந்த மருந்து தோலின் மேலடுக்கை மெல்லிதாக்குவதால் துணியோடு தோலே உரிந்து வரும். பருவுக்கான ட்ரெட்டினோயின், அடாபலீன் களிம்பு பூசும் இடத்தில் குறைந்தது ஒரு வாரம் முன்பே களிம்பை நிறுத்தியிருக்க வேண்டும். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள் ரேஸர் கூட வேண்டாம், ட்ரிம்மரோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

எடுத்த பிறகு இரண்டு நாள்

குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். சோற்றுக் கற்றாழை பூசுவதானால் மடலை வெட்டி, மஞ்சள் பால் வடியப் பத்து நிமிடம் செங்குத்தாக நிறுத்தி, நடுவிலுள்ள தெளிந்த சதையை மட்டும் கழுவி எடுங்கள். அந்த மஞ்சள் பால்தான் பலருக்கு அரிப்பைக் கொடுக்கிறது.

முதல் 24 மணி நேரம் வெந்நீர்க் குளியல், இறுக்கமான லெக்கின்ஸ், ஓட்டம், நீச்சல் எதுவும் வேண்டாம். அக்குளில் எடுத்திருந்தால் வாசனைத் தெளிப்பானும் வேண்டாம். மயிர்க்கால்கள் திறந்திருக்கும் நேரத்தில் வியர்வையும் கிருமியும் உள்ளே போனால் மறுநாளே சீழ்க் கொப்புளம் வரும். இரண்டு நாள் கழிந்த பிறகு வாரத்துக்கு இரண்டு முறை சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் உள்ள லோஷன் தடவினால் உள்ளுக்குள் சுருளும் முடி பெருமளவு குறையும். சுருண்ட முடியை ஊசியால் குத்தித் தோண்டவே கூடாது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அது தானாக வெளியே வரக் காத்திருங்கள்.

ரேஸர், கிரீம், நூல்

ரேஸர் போட்டால் முடி தடிமனாக வளரும் என்பது தவறு. பிளேடு முடியைத் தோல் மட்டத்தில் வெட்டுகிறது, வேரைத் தொடுவதே இல்லை. கூர்நுனி போய் மொட்டை நுனி வெளியே வருவதால் தடவும்போது சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். குளித்து முடிக்கும் நேரத்தில், தோல் ஊறிய பிறகு, ஷேவிங் ஜெல் தடவி, முடி வளரும் திசையிலேயே அழுத்தாமல் இழுங்கள். ஐந்தாறு முறைக்கு ஒரு புது பிளேடு. ரேஸரைக் குளியலறை ஈரத்திலேயே விட்டுவைக்காதீர்கள். அக்குளுக்கு வேக்ஸை விட இது பல பேருக்கு ஒத்துப்போகிறது. அந்தரங்க இடத்துக்கு ட்ரிம்மரே போதும். அங்கே முடி உரசலிலிருந்து தோலைக் காக்கிறது, வேரோடு எடுக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

முடி நீக்கும் கிரீமில் இருப்பது தயோகிளைகோலேட் உப்பு. அது முடியிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை உடைத்துக் கூழாக்குகிறது. அந்த வாடையும் கந்தகத்தால் வருவதே. தோலிலும் கெரட்டின்தானே இருக்கிறது! அதனால் டப்பாவில் போட்டிருக்கும் நிமிடத்தைத் தாண்டவே கூடாது. கைபேசியில் நேரம் வையுங்கள். முதல் நாள் முழங்கை மடிப்பில் பட்டாணி அளவு தடவிப் பார்த்து, 24 மணி நேரம் எரிச்சல் இல்லை என்றால் மட்டும் பயன்படுத்துங்கள்.

மேல் உதட்டுக்கும் தாடைக்கும் நூல் நல்லது. 60 செ.மீ. பருத்தி நூலின் இரு முனையையும் முடிந்து வளையமாக்கி, நடுவில் எட்டுப் பத்து முறுக்குப் போடுங்கள். இரண்டு கையின் விரல்களாலும் விரித்துப் பிடித்து, ஒரு கையை விரிக்கும்போது மறு கையைச் சுருக்கினால் முறுக்கு நகர்ந்து முடியைக் கவ்வும். முதலில் காலில் பழகிவிட்டு முகத்துக்கு வாருங்கள். கன்னத்துப் பூனை முடியை எடுத்தே தீர வேண்டும் என்றால் முகத்துக்கான சிறிய ரேஸரை 45 டிகிரி சாய்த்து, மேலிருந்து கீழாக இழுத்தால் போதும்.

பிறந்த குழந்தையின் உடல் முடியை மாவு உருட்டித் தேய்த்து எடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்த முடி சில வாரங்களில் தானாகவே உதிர்ந்துவிடும். பிஞ்சுத் தோலைத் தேய்த்துப் புண்ணாக்காதீர்கள்.

தினசரிப் பராமரிப்பு

இது சுருக்கமானது. தோலின் இயல்பு லேசான அமிலத்தன்மை. குளியல் சோப்போ காரத்தன்மை கொண்டது. முகத்துக்கு மிதமான ஃபேஸ்வாஷ் காலையும் இரவும் போதும். பயத்தம் மாவு, நலங்கு மாவு பழக்கம் இருந்தால் மெல்லிய துணியில் சலித்துத் தயிரில் குழைத்துப் பூசிக் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். குளித்து மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர். தேங்காய் எண்ணெய் கைகாலுக்கு அருமை, பரு வரும் முகத்துக்கு வேண்டாம். வெளியே போகுமுன் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுங்கள். வேக்ஸ் செய்த கைக்கும் அது வேண்டும். வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூசுங்கள்.

பச்சை எலுமிச்சையை முகத்தில் தேய்க்காதீர்கள். அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருட்கள் வெயிலோடு சேர்ந்து தீப்புண் மாதிரிக் கொப்புளமாக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, 'வெள்ளையாக்கும்' என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்த நாளம் தெரியும், பரு கிளம்பும், முகத்தில் முடியும் முளைக்கும். முடிக்காக வேக்ஸ் தேடுபவர்களில் சிலருக்குக் காரணமே அந்தக் களிம்புதான். 2018 முதல் இந்தியாவில் பல ஸ்டீராய்டு களிம்புகள் மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்கப்பட வேண்டியவை.

மருத்துவரிடம் எப்போது

தாடை, மேல் உதடு, மார்பு, தொப்புளுக்குக் கீழே கறுத்துத் தடித்த முடி வளர்கிறது, மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளிப்போகிறது என்றால் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்குளும் கழுத்தும் வெல்வெட் மாதிரித் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கு இல்லை, பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, இன்னும் கறுக்கும். ரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

லேசர் செய்வதானால் கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் வகையே பாதுகாப்பானது, தோல் மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள். ஒளியைப் பாய்ச்சி முடி நீக்கும், வீட்டில் வைத்துக்கொள்ளும் ஐ.பி.எல். கருவி வாங்குமுன் அதன் பெட்டியில் உள்ள நிற அட்டவணையைப் பாருங்கள். கறுத்த தோலுக்கு வேண்டாம் என்று தயாரிப்பாளரே குறித்திருப்பார். லேசருக்கு நான்கு வாரம் முன்பிருந்து வேக்ஸும் நூலும் கூடாது, ரேஸர் மட்டும்தான். வேரில் முடி இருந்தால்தான் ஒளி அங்கே போய்ச் சேரும்.

முதல் முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போதும் சில வாரம் முடியை வேரோடு எடுக்காமல் விட்டுப் போங்கள். எங்கே, எவ்வளவு தடிமனாக முளைக்கிறது என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். கடைசி ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளையும், இதுவரை பூசிய களிம்பு ட்யூப்களையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.