மதிய இடைவேளையைக் கேட்டுப் பெறுவது எப்படி

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் யாழ்ப்பாண நகரத்துப் புடவைக் கடையொன்றுக்குள் பிற்பகல் இரண்டு மணியளவில் போனால், அடுக்கிய சேலைகளுக்குப் பின்னால் ஒரு பெண் சோற்றுப் பொதியை அவிழ்த்து இரண்டு பிடி சாப்பிடுவதற்குள், "தங்கச்சி, அந்த நீலத்தை ஒருக்கால் எடுத்துக் காட்டும்" என்ற குரலுக்குக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வருவதைக் காணலாம். அந்த நேரம் முழுவதையும் கடையில் இடைவேளை என்றே கணக்கு வைப்பார்கள். இடைவேளை மறுக்கப்படுவது பெரும்பாலும் இந்த விதமாகத்தான் நடக்கிறது. யாரும் "உனக்குச் சாப்பாட்டு நேரம் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்வதில்லை.

முதலில் உங்களுக்குப் பொருந்தும் சட்டம் எது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைகள், தனியார் அலுவலகங்கள், உணவகங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றில் வேலை செய்வோர் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். தொழிற்சாலைகளுக்கு 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு. பல தொழில்களுக்கு 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்தந்தத் தொழிலுக்கென அமைந்த சபையின் தீர்மானங்களும் உண்டு. அரச ஊழியர்களின் வேலை நேரத்தைத் தாபன விதிக்கோவை நிர்ணயிக்கிறது, ஆகவே அவர்களுக்கு இந்தக் கட்டுரை அதிகம் பயன்படாது.

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி ஒரு நாளின் சாதாரண வேலை நேரம் 8 மணித்தியாலங்கள், ஒரு வாரத்துக்கு 45 மணித்தியாலங்கள். இந்த எட்டு மணித்தியாலங்கள் ஓய்வுக்கோ உணவுக்கோ வழங்கப்படும் இடைவேளை நீங்கலானவை என்று சட்டம் சொல்வதைப் பலர் கவனிப்பதில்லை. காலை 8.30 க்கு வந்து மாலை 5.30 க்குப் போகும் ஊழியர் ஒன்பது மணித்தியாலம் அங்கே நிற்கிறார். நடுவில் ஒரு மணித்தியாலம் சாப்பாட்டுக்கு விடப்படுவதால்தான் அது எட்டு மணித்தியால வேலையாகிறது. அந்த ஒரு மணித்தியாலம் சுருங்கினால், சுருங்கிய அளவு அப்படியே வேலை நேரத்தில் ஏறுகிறது. எட்டைத் தாண்டிய வேலை மேலதிக நேர வேலையாகும், அதற்குச் சாதாரண மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு கொடுக்கப்பட வேண்டும். ஆகவே இடைவேளைக் கேள்வியை நான் எப்போதும் சம்பளக் கேள்வியாகவே வைக்கச் சொல்வேன். "களைப்பாக இருக்கிறது" என்று சொல்லும் ஊழியரிடம் முதலாளி அனுதாபம் காட்டிவிட்டுப் போய்விடலாம், கணக்கைக் காட்டும் ஊழியருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதச் சம்பளம் 36,000 ரூபா என்றால், அதை 240 ஆல் (30 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம் என்ற கணக்கில்) பிரிக்க ஒரு மணித்தியாலத்துக்கு 150 ரூபா வருகிறது. ஒன்றரை மடங்கு 225 ரூபா. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு மணித்தியால இடைவேளைக்குப் பதிலாக நாளுக்கு 20 நிமிடமே கிடைத்தால், நாளொன்றுக்கு 40 நிமிடமும், வாரத்துக்கு 3 மணித்தியாலம் 20 நிமிடமும், நான்கு வாரத்துக்கு 13 மணித்தியாலம் 20 நிமிடமும் கூடுதலாக வேலை செய்திருக்கிறீர்கள். அதன் பெறுமதி சரியாக 3,000 ரூபா.

பண்டிகைக் காலத்தில் இதெல்லாம் பார்க்க முடியாது என்பது நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து இருபத்தைந்து நாளும் கேட்கும் பேச்சு. சட்டம் அந்த நெருக்கடிக்கும் இடம் வைத்திருக்கிறது: வாரத்துக்கு 12 மணித்தியாலம் வரை மேலதிக நேர வேலை வாங்கலாம். ஆனால் அது கொடுப்பனவோடு வாங்கும் வேலை. சாப்பாட்டு நேரத்திலிருந்து அரிந்தெடுக்கும் வேலை அல்ல.

தொழிற்சாலைகளில் விதி இன்னும் நேரடியானது. பெண்களையும் இளவயதினரையும் நாலரை மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ச்சியாக வேலை வாங்கக் கூடாது. அதற்குள் உணவுக்கோ ஓய்வுக்கோ குறைந்தது அரை மணித்தியாலம் விட வேண்டும். இடையில் 10 நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு கொடுத்தால் அந்த நாலரையை ஐந்து மணித்தியாலம் வரை நீட்டலாம். எனவே தேத்தண்ணிக்கு விடும் பத்து நிமிடத்தை முதலாளியின் பெருந்தன்மை என்று எண்ணிவிட வேண்டாம். அதனால் அவருக்கும் அரை மணித்தியாலம் ஆதாயம் உண்டு. வேலை நேரமும் இடைவேளைகளும் குறித்த அறிவித்தல் தொழிற்சாலையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அச்சுவேலி கைத்தொழில் பேட்டையில் வேலைக்குச் சேர்பவர் முதல் நாளே அந்தத் தாளைத் தேடிப் பார்ப்பது நல்லது. ஆண் தொழிலாளர்கள் தங்கள் தொழிலுக்கான சம்பளச் சபைத் தீர்மானத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்மாருக்கு இவற்றோடு இன்னோர் உரிமையும் உண்டு. ஒன்பது மணித்தியால வேலைக் காலத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை, தாய் கேட்கும் நேரங்களில் கொடுக்க வேண்டும். பிள்ளையை வைத்திருக்க வேலையிடத்தில் பகல்நேரப் பராமரிப்பு நிலையமோ தகுந்த இடமோ இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவோருக்கு இருந்த இந்த ஏற்பாடு, 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர் கடை, அலுவலகப் பெண்களுக்கும் கிடைக்கிறது. இது சாப்பாட்டு இடைவேளைக்கு மேலதிகமானது. "மத்தியானம் போய்ப் பால் குடுத்திட்டு வாரும், அதோட சாப்பாட்டையும் முடியும்" என்று ஒருவர் கனிவாகவே சொன்னாலும், அது இரண்டு உரிமைகளை ஒன்றாக்கிக் குறைப்பதாகும்.

இனிச் செய்ய வேண்டியவை. நியமனக் கடிதத்தை எடுத்து, வேலை நேரமும் இடைவேளையும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். கடிதமே தரப்படவில்லை என்றால், அதுவே சட்டத்துக்கு மாறான செயல். அடுத்ததாக ஒரு கொப்பியில் ஒரு மாதம் நாள்தோறும் நான்கு நேரங்களைக் குறித்து வையுங்கள்: வேலை தொடங்கியது, சாப்பிடப் போனது, திரும்பி வந்தது, வேலை முடிந்தது. சாப்பிடும்போது கூப்பிடப்பட்டால் அதையும் அன்றே எழுதுங்கள். கடையின் வரவுப் பதிவேட்டில் ஒரு மணித்தியால இடைவேளை எடுத்ததாக முன்கூட்டியே எழுதிக் கையொப்பம் கேட்பதும் உண்டு. உண்மையான நேரத்தை எழுதியே கையொப்பமிட வேண்டும், ஏனெனில் பின்னர் உங்களுக்கு எதிராக முதலில் எடுக்கப்படுவது அந்தத் தாள்தான்.

பிறகு முதலாளியிடம் பேசுங்கள். சிறிய ஊர், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள், ஆகவே முதலில் வாய்ப்பேச்சாகவே கேட்பது பொருத்தம். பலன் இல்லாவிட்டால் சுருக்கமான கடிதம் போதும்: "எனது நியமனக் கடிதத்தின்படி எனக்கு ஒரு மணித்தியால மதிய இடைவேளை உண்டு. கடந்த மாதம் அது இன்ன நாட்களில் முழுமையாகக் கிடைக்கவில்லை. இனிமேல் இடைவேளையை முழுமையாகத் தருமாறும், கடந்த மாதத்துக்கான மேலதிக நேரக் கொடுப்பனவைச் சேர்த்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்." பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். இருவர் மூவர் சேர்ந்து ஒப்பமிட்டால் ஒருவரை மட்டும் தனிமைப்படுத்துவது கடினம்.

அதற்கும் அசையாவிட்டால் யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போகலாம். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம், வடமாகாணத்தின் நிருவாக மொழி தமிழ் ஆதலால் தமிழிலேயே பதில் கேட்பதும் உங்கள் உரிமை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், கொப்பிக் குறிப்பு, முதலாளிக்கு எழுதிய கடிதம் ஆகியவற்றின் பிரதிகளைக் கொடுத்து, மூலங்களை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். தொழில் உத்தியோகத்தர் வேலையிடத்துக்குள் போய்ப் பதிவேடுகளைப் பார்வையிட அதிகாரம் உள்ளவர். பெயர் வெளியே தெரிவதற்கு அஞ்சினால் அதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இடைவேளை கேட்டதற்காக வேலையிலிருந்தே நிறுத்தப்பட்டால் விடயம் வேறு வழியில் போகும்; அது தொழில் நியாய சபைக்கு உரியது. அங்கே விண்ணப்பிக்க வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து 6 மாதமே அவகாசம். சமாதானம் பேசுகிறோம் என்று யாராவது நாளைக் கடத்தினால், பேச்சு ஒருபுறம் நடக்கட்டும், விண்ணப்பத்தை உரிய காலத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.