மார்ட்டினி-ஹென்றி ரைபிள்: புதுப்பிப்பதா, அப்படியே காப்பதா?

நேபாள ராணுவம் காத்மாண்டுவின் பழைய அரண்மனை ஒன்றில் தலைமுறைகளாக அடுக்கி வைத்திருந்த ஆயுதங்களை 2003-இல் அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கினார்கள். அதன் பிறகுதான் பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்திய 19-ஆம் நூற்றாண்டு மார்ட்டினி-ஹென்றி ரைபிள்கள் சாதாரணச் சேகரிப்பாளர்கள் கைக்கும் எட்டின. கிரீஸும் தூசியும் இறுகி, மரம் எது இரும்பு எது என்று தெரியாத நிலையில் வந்தவை அதிகம். அதைக் கண்டதும் உப்புத்தாளைத் தேடுவது இயல்பு. ஆனால் அந்த ரைபிளின் மதிப்பில் பெரும்பகுதி போவது துருவால் அல்ல, இப்படித் தேய்ப்பதால்தான்.

முதலில் குண்டு இருக்கிறதா என்று பாருங்கள். விசைக்குப் பின்னால் அடியில் உள்ள நெம்புகோலை இறக்கினால், குழலின் பின்வாயை மூடியிருக்கும் இரும்பு அடைப்புக்கட்டை தாழ்ந்து, பின்வாய் திறக்கும்; டார்ச் அடித்துப் பார்க்கலாம். கிரீஸில் நெம்புகோல் இறுகியிருந்தால் முன்வாய் வழியாக ஒரு மரக்கம்பியை மெதுவாக விட்டு, அது எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவை வெளியே குழலோடு வைத்து ஒப்பிடுங்கள். முழுநீள ரைபிளின் குழல் ஏறத்தாழ 33 அங்குலம். கம்பி சில அங்குலம் முன்னதாகவே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். சூடாக்கக் கூடாது, தட்டக் கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதாளரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து, எதையும் துடைப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். உடற்பெட்டியின் (அடைப்புக்கட்டை இருக்கும் இரும்புப் பெட்டி) வலப்பக்கத்தில் கிரீடம், விக்டோரியா ராணியின் வி.ஆர். எழுத்துகள், தயாரித்த ஆலையின் பெயர், ஆண்டு, எந்த வடிவப் பதிப்பு என்று காட்டும் மார்க் எண் ஆகியவை இருக்கும். தோளில் பதியும் மரமான பின்கட்டையின் வலப்பக்கத்தில் வட்ட முத்திரை. நேபாளத்திலிருந்து வந்தவற்றில் தேவநாகரி எழுத்தும் எண்ணும் வெட்டப்பட்டிருக்கும். சிலர் இதைக் கீறல் என்று நினைத்து மழித்துவிடுகிறார்கள். அந்த ரைபிள் எங்கே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

இப்போது முடிவு. முத்திரைகள் தெளிவாக, பாகங்கள் பொருந்தி, குழலில் பழைய கருநிறம் திட்டுத்திட்டாகவாவது இருந்தால் காப்பது மட்டுமே சரி. யாரோ ஏற்கெனவே வார்னிஷ் பூசி, கட்டையை அறுத்து, குழலைக் குறைத்துவிட்டார்கள் என்றால் புதுப்பிப்பதில் இழக்க அதிகமில்லை. இடைப்பட்ட நிலையில், திரும்ப எடுக்கக்கூடிய வேலையை மட்டும் செய்யுங்கள். காணாமல்போன திருகுக்குப் பதில் அதே மாதிரித் திருகைப் போடலாம். பழையதைக் கழற்றினால் அதை எறியாமல் உறையிலிட்டு ரைபிளோடு வைக்க வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்கள் சட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழங்கால ஆயுதங்களில் பழுது பார்த்தாலும் சுட முடியாதவற்றுக்கு மட்டுமே விலக்கு தருகிறது. பழுதுபார்த்தால் சுடக்கூடியது என்றாலே அந்த விலக்கு இல்லை. ஆகவே திருப்புளியைத் தொடுமுன் உங்கள் ரைபிள் எந்த வகையில் சேரும் என்று எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கிரீஸை எடுக்க மண்ணெண்ணெய் அல்லது மினரல் டர்பன்டைன் போதும். மென்மையான தூரிகையால் தடவி, கால்மணி நேரம் ஊறவிட்டு, மூங்கில் சீவலால் வழியுங்கள். நெருப்பில்லாத, காற்றோட்டமான இடம் வேண்டும். காஸ்டிக் சோடாவும் அடுப்பு துடைக்கும் ரசாயனங்களும் வேண்டாம்: அவை வால்நட் மரத்தின் உள்ளிருக்கும் பழைய எண்ணெயையும் உறிஞ்சி எடுத்து, மரத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும். திருகுகளுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒருநாள் காத்திருந்து, பள்ளத்தை முழுதாக நிரப்பும் திருப்புளியால் திருப்புங்கள். ஆப்பு வடிவ முனையுள்ள சாதாரணத் திருப்புளி பள்ளத்தின் விளிம்பைக் கிழித்துவிடும். காட்சிக்கு வைக்கும் ரைபிளில் அடைப்புக்கட்டைக்குள் இருக்கும் சுருள்வில்லைக் கழற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

துருவில் இரண்டு வகை உண்டு என்பதை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். எண்ணெய் தோய்த்த வெள்ளைத் துணியால் துடைத்தால் ஆரஞ்சுப் பொடி ஒட்டுகிறதா? அது இன்னும் தின்றுகொண்டிருக்கும் துரு. வழவழப்பான அடர்பழுப்பு என்றால் அது அடங்கிய படலம், அதைத் தொடாதீர்கள். முந்தையதை எண்ணெயோடு 0000 என்று குறிக்கப்படும் மிக நுண்ணிய ஸ்டீல் வூலால் (இரும்புப் பஞ்சு), அல்லது அதைவிட மென்மையான வெண்கலப் பஞ்சால், முத்திரைகளைத் தவிர்த்து லேசாகத் தேய்க்கலாம். துரு பரவலாக இருந்தால், கட்டையிலிருந்து பிரித்து எண்ணெய் நீக்கிய குழலைக் காய்ச்சி வடித்த நீரில் அரைமணி நேரம் கொதிக்கவிடுவது நல்ல வழி. செந்துரு கருநிற ஆக்சைடாக மாறும்; மேலே நிற்கும் கரும்பொடியை மட்டும் துடைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் பூசிவிட வேண்டும். அமிலத்தில் ஊறப்போட்டால் துருவோடு பழைய நிறமும் போகும், வெளிறிய இரும்புதான் மிஞ்சும்.

மரத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. உப்புத்தாள் பட்ட கட்டையை விவரம் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார்: உலோகத்தை ஒட்டிச் சற்றே மேலெழுந்திருக்க வேண்டிய மரம் உலோகத்தைவிடத் தாழ்ந்திருக்கும், முத்திரை மங்கியிருக்கும். நசுங்கல்களை ஈரத்துணி மேல் இஸ்திரிப்பெட்டி வைத்து ஆவியால் எழுப்பலாம் என்பது உண்மை. ஆனால் முத்திரையும் அழுத்தி உண்டாக்கிய நசுங்கல்தான். ஆவி அதையும் எழுப்பி அழித்துவிடும். அதன் பக்கம் போகாதீர்கள். புதுப்பிக்கும் கட்டைக்குப் பச்சை ஆளிவிதை எண்ணெயைச் சில துளிகள் உள்ளங்கையால் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, நாட்கணக்கில் இடைவெளி விட்டு மறுபடி பூசுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும், விரித்துக் காயவிடுங்கள். காக்கும் ரைபிளுக்கு எண்ணெய் வேண்டாம். அது ஆண்டுகள் போகக் கறுத்து, தூசியைப் பிடிக்கும், திரும்ப எடுக்கவும் முடியாது. பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில் 1950-களில் உருவான ரினைசன்ஸ் மெழுகு மரத்துக்கும் உலோகத்துக்கும் ஏற்றது. மெல்லிய ஒரு பூச்சு போதும்.

வியர்வையில் உள்ள உப்பு ஒரே இரவில் விரல்ரேகையைத் துருவாக்கும், எனவே நைட்ரைல் கையுறையோடு எடுங்கள். தோல் உறையிலோ நுரைமெத்தைப் பெட்டியிலோ நீண்டகாலம் வைக்காதீர்கள். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், தோல் அமிலத்தையும் கசியவிடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி ஏறியிறங்காமல் இருப்பது மரத்துக்கும் இரும்புக்கும் பொதுவாக ஒத்துவரும். நிற்கவைத்தால் குழல்வாய் கீழே இருக்கட்டும். மேலே பார்த்து நின்றால் குழலில் விட்ட எண்ணெய் இறங்கி, பின்கட்டையின் கழுத்து மரத்தில் ஊறி அதை இளக்கிவிடும்.