செபுவானோவையும் குஜராத்தியையும் ஒப்பிடும்போது எங்கெல்லாம் சொதப்புறாங்க?

செபுவானோங்கிறது பிலிப்பைன்ஸ் நாட்டு மொழி. செபுவானோன்னா அங்க இருக்கிற செபு தீவு, குஜராத்தின்னா குஜராத், அப்படின்னு மேப்ல ரெண்டு வட்டம் போட்டு முடிச்சிடுறாங்க பல பேரு. மொத தப்பே அங்கதான். செபுவுக்குத் தெக்க இருக்கிற மிண்டனாவோ தீவுல, டவாவ், ககயன் டி ஓரோன்னு பெரிய சிட்டில எல்லாம் தெருவுல காதுல விழுறது செபுவானோதான், ஏன்னா போன நூற்றாண்டுல விசாயாஸ் தீவுகள்ல இருந்து (செபுவும் இதுல ஒண்ணுதான்) நிலம் தேடி குடும்பம் குடும்பமா அங்க போய் குடியேறிட்டாங்க. 2016ல பிலிப்பைன்ஸ் பிரசிடென்ட் ஆன டுட்டெர்டே கூட டவாவ்காரர்தான்.

சரி, அப்போ விசாயாஸ் முழுக்க செபுவானோவான்னா அதுவும் இல்ல. நெக்ரோஸ்னு ஒரே தீவு, கிழக்குப் பக்கம் செபுவானோ, மேற்குப் பக்கம் ஹிலிகாய்னோன்னு வேற மொழி. லெய்ட்டே தீவுலயும் ஒரு பக்கம் வாராய்னு இன்னொரு மொழி வந்துடும்.

எண்ணிக்கையில வர்ற சொதப்பல்தான் பெருசு. பிலிப்பைன்ஸ் 2020 சென்சஸ்ல வீட்டுல செபுவானோ பேசுறோம்னு சொன்ன குடும்பங்க 6.5 சதவீதம்தான், அதை மட்டும் எடுத்துட்டு "சின்ன மொழி"ன்னு எழுதிடுவாங்க, ஆனா அதே டேபிள்ல பிசாயான்னு 16 சதவீதம் தனியா நிக்குது பாருங்க, அதுல பெரும்பாலும் இதே மொழிதான், பேசுறவங்க வாயில வர்ற பேருதான் வேற. போஹோல் தீவுக்காரங்களைக் கேட்டா அவங்க இன்னொரு பேரு சொல்வாங்க.

குஜராத்தில இந்தக் குழப்பம் கம்மி, 2011 சென்சஸ்ல சுமார் 5.5 கோடி பேருன்னு ஒரே வரில இருக்கு. ஆனா அது இந்தியா கணக்கு மட்டும்தாங்க. கராச்சில இருக்கிற மேமன், போராங்கிற முஸ்லிம் சமூகத்துக் குடும்பங்க, கென்யா, தான்சானியா, 1972ல சர்வாதிகாரி இடி அமீன் உகாண்டாவுல இருந்து தொரத்துனதுல இங்கிலாந்துல இருக்கிற லெஸ்டர் போய் சேர்ந்தவங்க, இவங்கல்லாம் அதுல வர மாட்டாங்க. மும்பையையும் மறந்துடுறாங்க, 1960ல பம்பாய் மாநிலத்தை ரெண்டா பிரிச்சப்போ சிட்டி மகாராஷ்டிராவுக்குப் போச்சு, அங்க இருந்த குஜராத்திங்க அங்கயேதான் இருந்தாங்க.

அதே மாதிரி குஜராத்துக்குள்ள இருக்கிறதாலேயே கட்ச்சி மொழியை குஜராத்தி கணக்குல சேர்க்கக்கூடாது, அது சிந்திக்கு நெருக்கம். நம்ம மதுரை, பரமக்குடி பக்கம் சௌராஷ்டிரா பேசுறவங்களையும் சில பேரு இதுல சேர்த்துடுறாங்க, பூர்வீகம் அந்தப் பக்கம்னு சொல்லுவாங்க, சரி, ஆனா மொழி தனி மொழிங்க!

கடைசியா ஒண்ணு. செபுவானோ விக்கிப்பீடியாவுல பல லட்சம் கட்டுரை இருக்குன்னு பார்த்துட்டு, குஜராத்தியை விட இதை நெறைய பேரு பேசுறாங்க போலன்னு முடிவு கட்டிடாதீங்க. அதுல முக்கால்வாசிக்கு மேல ஒரு ஸ்வீடன்காரர் எழுதி விட்ட பாட், அதாவது தானா கட்டுரை உருவாக்குற புரோகிராம், போட்டது.