ஆர்பிஎம் முள் எழவில்லையா? மீட்டரைக் கடைசியில் பாருங்கள்

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் எழவில்லை என்று வரும் டிரைவர்களில் சிலர் கையோடு புது மீட்டரும் வாங்கி வந்துவிடுவார்கள். அதைப் பிரிக்காமல் சீட்டில் வைக்கச் சொல்லிவிட்டு, நான் கேபினைத் தூக்குவேன். பழைய டீசல் லாரி, லோடு வண்டிகளில் பழுது பெரும்பாலும் கீழேதான் இருக்கும்.

இந்த வண்டிகள் பலவற்றில் ஆர்பிஎம் சிக்னல், பெல்ட்டில் சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் 'டபிள்யூ' (W) முனையிலிருந்து வருகிறது. எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப அங்கே துடிப்பு கூடும், குறையும். மீட்டர் அதை எண்ணி முள்ளை நகர்த்துகிறது.

முதலில் சாவியைப் போடுங்கள். டீசல் முள், ஹீட் முள்ளும் சேர்ந்து படுத்திருந்தால் டேஷ்போர்டின் பியூஸையும் எர்த்தையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போதும் சார்ஜ் லைட் எரிகிறதா? அப்படியானால் ஆல்டர்னேட்டர் வேலையை முதலில் முடியுங்கள்.

சார்ஜ் சரியாக இருந்தால் அடுத்து டபிள்யூ முனை. அதில் மெல்லிய ஒயர் ஒன்று மட்டும் வரும். பக்கத்திலேயே பேட்டரிக்குப் போகும் தடித்த ஒயர் இருக்கிறது, ஸ்பேனர் அதையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் தீப்பொறி பறக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு முனையில் பச்சை பிடித்திருக்கிறதா, நட்டு லூஸா என்று பாருங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பை எஞ்சின் பாடியிலும் சிவப்பை டபிள்யூவிலும் வையுங்கள். சட்டைக் கை பெல்ட் பக்கம் போகக்கூடாது. சார்ஜிங் வோல்ட்டில் ஏறக்குறைய பாதி காட்ட வேண்டும்: 12 வோல்ட் வண்டியில் 7, 24 வோல்ட் வண்டியில் 14. ஹெர்ட்ஸ் பார்க்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது, ரேஸ் கொடுக்கக் கொடுக்க எண் ஏறும். எதுவுமே வராவிட்டால் எஞ்சினை அணைத்து அந்த மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள், அப்போதும் வராவிட்டால் பழுது ஆல்டர்னேட்டருக்குள்.

இங்கே சிக்னல் இருந்து முள் எழாவிட்டால் என் சந்தேகம் ஒயர் மேல்தான். கேபின் மடங்கும் இடத்தில் அது தினமும் வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கும், மேலே உறை நன்றாகவே தெரியும். எஞ்சினை நிறுத்தி, ஒயரின் இரு முனையையும் கழற்றி, மல்டிமீட்டரை இணைப்பு இருந்தால் ஒலிக்கும் பீப்பில் வைத்து, ஒயரை ஆட்டிக்கொண்டே கேளுங்கள். விட்டுவிட்டு ஒலித்தால் ஆள் சிக்கினான். பாடியோடு பீப் அடித்தால் எங்கோ உரசி எர்த் ஆகிறது. பொறுமை இல்லாதவர்கள் தனி ஒயர் ஒன்றை டபிள்யூவிலிருந்து நேராக மீட்டருக்கு இழுத்துப் பாருங்கள், முள் எழுந்தால் விஷயம் முடிந்தது.

முள் எழுகிறது, ஆனால் தப்பாகக் காட்டுகிறதா? சமீபத்தில் ஆல்டர்னேட்டர் மாற்றினீர்களா என்றுதான் கேட்பேன். சின்ன புல்லி போட்டிருந்தால் அது வேகமாகச் சுற்றும், மீட்டர் கூடுதலாகக் காட்டும். ரேஸ் கொடுக்கும்போது முள் தயங்கி, பெல்ட்டும் கீச்சிட்டால் பெல்ட்டை இறுக்குங்கள்.

ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் உள்ள புது வண்டிகளின் கதை வேறு. எஞ்சின் ஒழுங்காக ஓடி முள் மட்டும் படுத்திருந்தால் எஞ்சின் வேகத்தை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரை மாற்ற அவசரப்படாதீர்கள். ஈசியூவைப் படிக்கும் ஸ்கேனர் கருவியில் ஆர்பிஎம் தெரிந்தால் சென்சார் நன்றாகவே இருக்கிறது. மீட்டரையும் அதற்கு வரும் லைனையும் பாருங்கள்.

மீட்டரின் பின்னால் கரண்ட், எர்த், சிக்னல் மூன்றும் வந்தும் முள் அசையவில்லை என்றால் சரி, மீட்டர்தான் போயிருக்கிறது. வாங்கும்போது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா, ஆல்டர்னேட்டர் சிக்னலுக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் வண்டியின் இக்னிஷன் காயிலுக்கான மீட்டர் இதற்கு ஒத்துவராது.